வெள்ளிக்கிழமை லேடியை ஊற்றிய கை

நாயகம் போன செய்தி எனக்குக் கைபேசியில் வந்தது. பழைய ஹோட்டல்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் வட்ஸ்அப் குழுவில், காலைத் தேநீர் ஆறுவதற்குள், மாலை போட்ட படமாக வந்தது. படத்தில் அவர் கறுப்புக் கோட்டுடன் பாரின் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். கீழே இப்படி எழுதியிருந்தார்கள்: 'வெள்ளிக்கிழமை லேடியைக் கண்டுபிடித்த எங்கள் நாயகம் அண்ணை இறைவனடி சேர்ந்தார்.'

அந்த வரியை முடிவுவரை வாசிக்கும் முன்னரே எனக்குக் கோபம் வந்துவிட்டது. மனிதர் போய்விட்டார் என்பது அடுத்த வாசிப்பில்தான் உறைத்தது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. அவரை அறிந்தவர்களுக்கு என்னையும் தெரியும். மறைத்தாலும் நம்பமாட்டீர்கள்.

என்னைத் தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நான் சிவம். கொட்டாஞ்சேனை. காலிமுகத்திடலுக்கு அருகில் இருந்த ஹோட்டலின் பாரில் நாயகத்துடன் இருபத்தாறு வருடம் ஒரே பலகையின் பின்னால் நின்றவன். வெள்ளிக்கிழமை லேடி என்பது ஜின்னில் செய்யும் ஒரு பானம். இன்றைக்குக் கொழும்பில் நாலைந்து ஹோட்டல்களின் பட்டியலில் அது இருக்கிறது. ஒன்றில் அவருடைய பெயரையே போட்டு அச்சடித்திருக்கிறார்களாம். என் பெயர் எதிலும் இல்லை.

கனத்தை மயானத்தில் காரியம் முடிந்து இரண்டு வாரத்தின் பின் அவருடைய மனைவி மங்கை என்னை வெள்ளவத்தை வீட்டுக்கு வரச்சொன்னார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். வழக்கம்போலத் தேவாரம், குடும்ப மரம், நன்றி நவிலல். அதோடு அவருடைய அந்தப் பானத்தின் செய்முறையையும் ஒரு பக்கத்தில் போட வேண்டும் என்று மங்கைக்கு ஆசை. வட்ஸ்அப்பில் கேட்டாராம். ஐந்து பேர் ஐந்து செய்முறை அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் முட்டையின் வெள்ளைக்கரு என்கிறார். ஒருவர் இளநீர் என்கிறார். ஒருவர் ஜின்னையே விட்டுவிட்டுச் சாராயம் என்கிறார். சரியான அளவு தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் மிச்சம். "அண்ணை, நீங்கள்தான் எழுதித் தரோணும்" என்றார்.

எழுதுகிறேன். ஆனால் அந்தச் செய்முறையை அது பிறந்த விதத்தைச் சொல்லாமல் எழுத முடியாது. அதைச் சொன்னால், நாயகத்தின் பெயருக்கு ஒன்று குறையும், என் பெயருக்கு ஒன்றல்ல, அதற்கு மேலும் குறையும். முப்பது வருடமாக நான் வாய் திறக்காததற்குக் காரணம் அதுதான்.

நாயகம் எனக்கு மூன்று வருடம் இளையவர். நான் சேர்ந்து ஆறு வருடத்தின் பின்தான் வந்தார். வரும்போதே கையில் ஹோட்டல் பயிற்சிப் பள்ளியின் சான்றிதழ், வாயில் நல்ல ஆங்கிலம், மடிப்புக் குலையாத சட்டை. நான் அப்படி வந்தவன் அல்ல. துறைமுகத்துக்குச் சாமான் ஏற்றும் கடையில் எழுத்து வேலை பார்த்துக்கொண்டு, கப்பல் சமையற்காரர் ஒருவர் விட்டுப்போன புத்தகத்தில் ஜின்னைப் படித்தவன். இரண்டாவது புத்தகம் மருதானை நடைபாதையில் வாங்கியது, அட்டை இல்லை. மூன்றாவது, ஹோட்டலில் தங்கிய ஒரு துரை மறந்துவிட்டுப் போனது. மூன்றையும் அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகத் தமிழில், தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினேன். என்னுடைய சான்றிதழ் அந்தக் கொப்பி.

கொப்பியை நாயகத்துக்குக் காட்டியது என் முதல் பிழை. ஜின்னோடு ஆரஞ்சு மதுவும் லெமன் புளியும் சேரும் வைட் லேடி என்ற பானத்தின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சிவம் அண்ணை, இதிலை ஒரு புத்தகம் ஜின் ரண்டு பங்கு, தோடம்பழ லிக்கர் ஒண்டு, லெமன் புளி ஒண்டு எண்டுது. மற்றது மூண்டும் சம பங்கு எண்டுது. மூண்டாவது, முதல் மாதிரித்தான், ஆனா முட்டை வெள்ளைக்கருவும் விடு எண்டுது. எது வேதம்?"

"மூண்டாவதுதான். நான் மூண்டையும் செய்து பாத்தனான்."

"உங்களுக்கு மூண்டாவது சரி. வாற ஆளுக்கு?"

"வாற ஆள் குடிக்கத்தான் வாறார், புத்தகம் எழுதவே வாறார்?"

சிரித்தார். அவர் சிரித்தால் வாக்குவாதத்தில் அவர் வென்ற மாதிரியே எல்லோருக்கும் படும். அது அவரிடம் இருந்த ஒரு அநியாயமான வசதி.

ஒவ்வொரு பானத்திலும் எங்களுக்குச் சண்டை. ஜிம்லெட்டுக்குப் புத்தகம் ஜின்னும் போத்தலில் வரும் தேசிக்காய்ச் சாறும் பாதிக்குப் பாதி என்கிறது. நான் பாதிக்குப் பாதி விடுவேன். அவர் போத்தல் சாற்றைக் காற்பங்காகக் குறைத்துவிட்டு, பச்சைத் தேசிக்காய் அரைவாசியைப் பிழிந்துவிடுவார். பிங்க் ஜின்னுக்குக் கசப்புத் துளிகளைக் கிளாஸில் சுழற்றியபின் வெளியே ஊற்ற வேண்டும் என்று ஒரு புத்தகம், உள்ளேயே விட வேண்டும் என்று ஒரு புத்தகம். நான் ஊற்றிவிடுவேன். அவர் ஆளைப் பார்த்து, களைத்து வந்தவருக்கு உள்ளே விடுவார், கதைக்க வந்தவருக்கு வெளியே ஊற்றுவார். மார்ட்டினியில் வெர்மூத் என்ற மூலிகை வைனை மூன்றுக்கு ஒன்றாக அளந்து விடுவேன் நான். அவரோ வெர்மூத்தைக் கிளாஸில் ஒருமுறை உருட்டிவிட்டுக் கிளாஸ் கழுவும் சிங்கில் கொட்டுவார். கொட்டும்போது என் பக்கம் பார்க்கமாட்டார். அந்தளவுக்கு மரியாதை இருந்தது.

இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பொறியியலாளர் இரண்டு வாரம் தங்கியிருந்தார். திங்கட்கிழமை என்னிடம் ஜிம்லெட் குடித்தார். செவ்வாய் நாயகத்திடம். புதன்கிழமை வந்து என் முன்னால் உட்கார்ந்து, பாரின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மற்றவர் இன்றைக்கு வரவில்லையா என்று கேட்டார். நான் செய்த ஜிம்லெட்டைக் குடித்துக்கொண்டே, நாயகம் உடுப்பு மாற்றி வரும்வரை கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் ஆகிறது. அந்தக் கதவு எனக்கு இன்னும் தெரிகிறது.

எரிச்சலிலும் எரிச்சல் என்னவென்றால், நாயகம் ஒரு சொட்டு மதுவும் நாக்கில் வைத்தவர் அல்ல. சுத்த சைவம். திருநீறு பூசாமல் வீட்டைவிட்டு வெளிக்கிட மாட்டார். நான் ஒவ்வொரு கலவையையும் உறிஞ்சு குழாயால் ஒரு சொட்டு எடுத்துச் சுவைத்துவிட்டுத்தான் ஊற்றுவேன். அவர் சுவைக்காமலே ஊற்றுவார், சனம் அவரிடம் போகும்.

"ருசி தெரியாமல் எப்பிடியப்பா நீர் அளவு மாத்திறீர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தொண்டையைப் பாக்கிறனான் அண்ணை. முதல் மிடறு எப்பிடி இறங்குது எண்டு பாத்தாக் காணும். நீங்கள் கிளாஸைப் பாக்கிறியள்."

"கிளாஸிலைதானே நாயகம் சாமான் கிடக்கு."

"சாமான் கிளாஸிலைதான். குடிக்கிறது ஆள்."

இந்தப் பதிலை அவர் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாரோ தெரியாது. முதலில் எனக்குத்தான் சொன்னார். அதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

மற்ற நாட்களில் நாயகம் வேலைக்காக முட்டையைத் தொடுவார், பிறகு கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். வெள்ளிக்கிழமைகளில் தொடவே மாட்டார். அதனால் வெள்ளிக்கிழமை வைட் லேடி யார் கேட்டாலும் நான்தான் செய்ய வேண்டும். மத்தியானமே வெள்ளைக்கருவைப் பிரித்து, ஒரு பச்சைச் சோடாப் போத்தலில் விட்டு, பாரின் பிரிட்ஜில் வைத்துவிடுவேன். போத்தலில் பெயர்த் துண்டு ஒட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. என் பிரிட்ஜ் எனக்குத் தெரியும் என்பது என் எண்ணம்.

அந்த வருடம் சரஸ்வதி பூசை வெள்ளிக்கிழமையில் வந்தது. பாரில் தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான். நாயகம் களஞ்சிய அறை மூலையில் அம்மன் படம் வைத்து, தன் ஷேக்கர், வடி, அளவுக் கிண்ணம், கரண்டி எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி, சந்தனம் தொட்டு வைத்திருந்தார். ஆயுத பூசையில் வைத்ததை மறுநாள் விஜயதசமியில்தான் எடுக்க வேண்டும். என்னுடையதையும் கேட்டார்.

"தாங்கோ அண்ணை, பக்கத்திலை வைப்பம்."

"ஷேக்கருக்குச் சந்தனம் வேண்டாம், சுடுதண்ணி காணும். ரண்டு பேரும் வைச்சா ஆர் வேலை செய்யிறது?"

"அதுவும் சரி. அப்ப இண்டைக்கு ஷேக்கர் வேலை முழுக்க உங்கட. நான் பியரும் விஸ்கியும் பாக்கிறன்."

அவருக்கு அன்று விரதம். உப்பும் சேர்ப்பதில்லை. பூசை முடிந்து குடிப்பதற்கு, படையலுக்கு அவித்த வெள்ளைக் கொண்டைக்கடலையின் தண்ணீரைக் கஞ்சி போல வற்ற வைத்து மங்கை போத்தலில் கொடுத்துவிட்டிருந்தார். அதுவும் பச்சைச் சோடாப் போத்தல். வந்ததும் அவர் அதைப் பிரிட்ஜில் வைத்திருக்கிறார். எனக்குச் சொல்லியும் இருக்கிறார். நான் கேட்கவில்லை. அந்த நேரம் நாங்கள் லெமனுக்குப் பதில் எங்கள் ஊர்ச் சிறு தேசிக்காய் விடலாமா என்பதில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம், நான் அடுத்த பதிலை யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்கு வழக்கமாக வரும் தேயிலைத் தரகர் ஒருவர் மூன்று நண்பர்களோடு வந்தார். நாலு வைட் லேடி. இரண்டு பங்கு, ஒரு பங்கு, ஒரு பங்கு, வெள்ளைக்கரு அரைக் கிண்ணம். ஐஸ் இல்லாமல் ஒருமுறை, ஐஸோடு ஒருமுறை குலுக்கினேன். அன்றைக்கு நுரை என்றுமில்லாதபடி வந்தது. பாலாடை மாதிரி மேலே நின்றது. சுவைத்துப் பார்த்தேனா? இல்லை. என் வேலைக்காலம் முழுவதிலும் சுவைக்காமல் அனுப்பியது அன்றைக்கு மட்டும்தான். பின்னால் இன்னும் ஆறு பேர் நின்றார்கள்.

தரகர் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "நாயகம் மல்லி, மேக மொகத்த?" என்றார். தம்பி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்கிறார். கலக்கியவன் நான் முன்னால் நிற்க, கேட்டது அவரிடம். முட்டை வாடையே இல்லை, இவ்வளவு மிருதுவாக இறங்குகிறதே, என்ன செய்தீர்கள் என்றார். நாலு பேரும் இன்னொன்று கேட்டார்கள். அதையும் அதே போத்தலிலிருந்து ஊற்றினேன்.

இடையில் போய்ப் பூசையை முடித்து வந்த நாயகம் பிரிட்ஜைத் திறந்தார். முட்டைப் போத்தல் நிறைய இருக்கிறது. கடலைப் போத்தலில் ஒன்றும் இல்லை. போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை," என்றார் மெதுவாக, "என்ரை சாப்பாட்டை ஊத்திப்போட்டியள்."

தரகர் மறுபடியும் கேட்டபோது நாயகத்தால் பொய் சொல்ல முடியவில்லை. கடலை அவித்த தண்ணீர் என்று சொல்லிவிட்டார். தரகர் சத்தமாகச் சிரித்தார். பக்கத்து மேசையில் இருந்த அம்மா ஒருவர் சிரிக்கவில்லை. இந்த விலைக்கு மனிதருக்குக் கடலைத் தண்ணீரா தருகிறீர்கள் என்று மேலாளரைக் கூப்பிட்டார்.

மேலாளர் எங்கள் இரண்டு பேரையும் களஞ்சிய அறைக்குக் கூட்டிப்போனார். யார் ஊற்றியது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மன் படம், எரிந்த கர்ப்பூரத் தட்டு, தட்டிலே நாயகத்தின் ஷேக்கர். எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால்.

எனக்கு அடுத்த மாதம் தலைமை பார்மன் பதவிக்கு நேர்முகம் இருந்தது. நாயகமும் அதே பதவிக்கு எழுதியிருந்தார். பன்னிரண்டு வருடம் அங்கே நின்று பிழைத்த நான், பிழை விடாதவன் என்று பேர் வாங்கிய நான், என் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"நான்தான் சேர் ஊத்தினது," என்றார் நாயகம். "என்ரை போத்தல்."

நான் திரும்பிப் போய் ஐஸ் உடைத்தேன்.

அவரைக் கலியாண மண்டபப் பகுதிக்கு மாற்றினார்கள். மூன்று மாதம். கதிரை அடுக்குவதும், சோடா தூக்குவதும். தலைமை பார்மன் பதவியை எனக்குத் தற்காலிகமாகத் தந்தார்கள். அந்த மூன்று மாதத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யாராவது வந்து, அந்த வெள்ளிக்கிழமை லேடி இருக்கிறதா என்று கேட்டார்கள். பேரை வைத்தது தரகர். நான் முட்டை வெள்ளைக்கருவில் செய்து கொடுத்தேன். இது இல்லை, நாயகம் செய்ததுதான் வேண்டும் என்றார்கள். நாயகம் அதைச் செய்யவே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் பானம் என்னுடையதாகியிருக்கும். பிழையும் என்னுடையதாகியிருக்கும்.

கடைசியில் வாடிக்கையாளர் கேட்கிறார்கள் என்று மேலாளரே அவரைத் திருப்பிக் கூட்டிவந்தார். தலைமை பார்மனாக. நான் பக்கத்தில் நகர்ந்து நின்றேன்.

அதன் பிறகு அவர் ஒவ்வொரு வெள்ளியும் வீட்டிலே தானே கடலை அவித்துத் தண்ணீர் கொண்டுவருவார். நான் அந்தப் பானத்தைச் செய்ய மறுத்துவிட்டேன். "புத்தகத்திலை இல்லை" என்றேன். யார் கேட்டாலும் அதே பதில். வெளிநாட்டுச் சஞ்சிகைக்காரர் ஒருவர் படம் எடுக்க வந்தபோது, நாயகம் என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். நான் ஐஸ் எடுக்கக் கீழே போய்விட்டேன். படத்தில் என் தோள் மட்டும் ஓரத்தில் விழுந்திருக்கிறது. பூதக்கண்ணாடி இல்லாமல் யாருடைய தோள் என்று தெரியாது.

இரண்டு பேரும் ஓய்வுபெற்றபின், வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையில் ஒருமுறை அவரைக் கண்டேன். தீபாவளிக்கு முதல் வாரம், தெரு முழுக்கச் சனம். வடை வாங்கித் தந்தார். வடை பாதியில் இருக்கும்போது நான் கேட்டேவிட்டேன்.

"நாயகம், அந்த வெள்ளிக்கிழமைச் சாமான். அது என்ரை கை."

"ஓம் அண்ணை. உங்கட கைதான்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு இன்னும் கோபம் கூடியது.

"அப்ப ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"பிழையைச் சொல்லாமல் அதை மட்டும் எப்பிடிச் சொல்லுறது? ரண்டும் ஒரே போத்தலுக்கைதானே கிடக்கு. நீங்கள் எப்ப வந்து எடுத்தாலும் ரண்டையும் சேர்த்துத் தருவன். அதுவரைக்கும் என்னட்டை இருக்கட்டும்."

"எனக்கு வேண்டாம்."

"அப்ப வடையைச் சாப்பிடுங்கோ, ஆறுது."

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. எடுக்கப் போகாமலே இருந்துவிட்டேன். அவர் என்னிடம் ஒப்படைக்காமலே போய்விட்டார்.

இனி, மங்கை என்னைக் கூப்பிட்ட அன்றைக்கு நடந்தது. செய்முறை எழுத ஒப்புக்கொண்டு எழும்பப் போனேன். அவர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணை, உங்களுக்குத் தெரியும்தானே, நான் அண்டைக்கு அந்தப் போத்தலைக் குடுத்துவிடாட்டி இந்த மனுசன் மூண்டு மாசம் கதிரை அடுக்கியிருக்க மாட்டுது. பிரஷர் வந்தது அந்த மூண்டு மாசத்திலைதான். எத்தினை தரம் கேட்டன், ஏனப்பா பாக்காமல் ஊத்தினியள் எண்டு. சிரிப்பார். அதுக்குப் பிறகு நான் ஒருநாளும் அவருக்குப் போத்தலிலை ஒண்டும் குடுத்துவிடேல்லை. பயம்."

நான் தேநீரைக் குடித்தேன். முப்பது வருடத்தின் முன் களஞ்சிய அறையில் வாயைத் திறந்து நின்றது போலவே வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. இந்த வயதிலும் வரவில்லை.

மங்கை பிறகும் ஒன்று சொன்னார். "எல்லாத்தையும் ஆளுக்காள் மாத்துவார். வீட்டிலை தேத்தண்ணிக்குக்கூட எனக்கொரு சீனி, பிள்ளையளுக்கொரு சீனி. அந்த வெள்ளிக்கிழமை அளவை மட்டும் ஒருநாளும் மாத்தேல்லை. ஏனெண்டு கேட்டா, அது எனக்கு வேறை ஆள் தந்த அளவு, நான் கை வைக்கேலாது எண்டுவார். சரஸ்வதியைத்தான் சொல்லுறார் எண்டு நினைக்கிறன். பூசை நாள்தானே."

தங்கச்சி மங்கை, வாயால் சொல்லாததை இங்கே எழுதுகிறேன், அது சரஸ்வதி அல்ல. இதுவரை மனிதர் ஒருவரோடு போட்டி போட்டேன், இனித் தெய்வத்தோடும் போட்டி போட என்னால் முடியாது. இரண்டு பங்கு ஜின், ஒரு பங்கு தோடம்பழ லிக்கர், ஒரு பங்கு லெமன் புளி. என் கொப்பியின் மூன்றாவது புத்தகம். வெள்ளைக்கருவுக்கு நான் வைத்திருந்த அரைக் கிண்ண அளவில் கடலைத் தண்ணீர், உப்பில்லாமல் அவித்து வற்ற வைத்தது. முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்க வேண்டும், பிறகு ஐஸோடு. எல்லா அளவுகளும் என்னுடையவை. எவருக்கும் அளவை மாற்றுகிற மனிதர் இருபது வருடம் என் அளவை மாற்றாமல் ஊற்றியிருக்கிறார். நான் பக்கத்தில் நின்றேன், ஒருநாளும் அவருடைய கையைக் கவனிக்கவில்லை. கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

உங்களுடைய போத்தலில் ஒரு பிழையும் இல்லை. நாயகம் பார்க்காமல் ஊற்றவும் இல்லை. பார்க்காமல் ஊற்றியவன் நான். கேட்டபோது பேசாமல் நின்றவனும் நான். அவர் மூன்று மாதம் கதிரை அடுக்கியது எனக்காக. இதை நம்பாதவர்களுக்கு ஒரு கேள்வி. நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். ஆயுத பூசையில் வைத்த ஷேக்கரை அன்றைக்கே எடுத்துக் குலுக்குகிற ஆளா நாயகம்? அவர் எந்த ஷேக்கரால் கலக்கினார் என்று முப்பது வருடமாக ஒருவரும் கேட்கவில்லையே. மேலாளருக்கு எங்கள் பூசை தெரியாது. உங்களுக்குமா தெரியாது?

இந்தப் பக்கங்களை அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் மங்கை வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டுக் கிழித்துப்போட்டால் அது அவருடைய உரிமை. அச்சடிப்பதானால் ஒரு வரியும் குறைக்கக் கூடாது. செய்முறையை மட்டும் வெட்டி எடுத்துப் போடவும் கூடாது. இரண்டும் ஒரே போத்தல் என்று சொன்னவர் அவர்.

மற்றபடி நான் ஒன்றிலும் இறங்கிவரவில்லை. ஜிம்லெட் பாதிக்குப் பாதிதான். வெர்மூத்தைச் சிங்கில் கொட்டுவது பாவம்தான். வைட் லேடிக்கு வெள்ளைக்கருதான் முறை. வெள்ளிக்கிழமை லேடி வேறு பானம், அது புத்தகத்தில் இல்லை, அது என்னுடையது.

அன்றைக்கு நான் படி இறங்கும்போது மங்கை ஒரு பொதியைக் கையில் தந்தார். பழைய வீரகேசரிப் பத்திரிகைத் தாளில் சுற்றிய நாயகத்தின் ஷேக்கர். "உங்களட்டை இருக்கிறதுதான் முறை" என்றார். ஒன்றும் தெரியாமல்தான் அப்படிச் சொன்னார். வீட்டுக்கு வந்து அவிழ்த்துப் பார்த்தேன். என்னுடையதில் ஏழெட்டு நெளிவு. அவருடையதில் ஒன்றுகூட இல்லை. அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது. மூடியின் விளிம்பில் பழைய சந்தனம் கோடாகக் காய்ந்து கிடந்தது. அதை நான் கழுவவில்லை.

நாயகத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஷேக்கரையும், அந்தப் பழியையும். மங்கை விட்டால், வருகிற சரஸ்வதி பூசைக்கு ஷேக்கரை வெள்ளவத்தைக்குக் கொண்டுபோய் அம்மன் படத்தின் முன்னால் வைப்பேன். அன்றைக்கு நாயகம் கேட்டு நான் கொடுக்காத என்னுடைய ஷேக்கரையும் பக்கத்தில் வைப்பேன். என்னுடையதைக் கொஞ்சம் முன்னுக்கு வைப்பேன்.